முதுகு காட்டும் நடுவர்

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாண்டவராயன் மீன் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால் வலைக்காரர் மாரி ஏதோ ஒரு கூறின் மேல் குச்சியை வைத்து, "இது யாருக்கு?" என்கிறார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். "கிளப்புக்கு!" குச்சி அடுத்த கூறுக்குப் போகும். "இது யாருக்கு?" "வலைக்கு!" வாயில் போட்ட வெற்றிலை சிவக்கும் முன் ஆறு கூறும் பங்காகிவிடும். ஆளைப் பார்க்காமல், மீனைப் பார்க்காமல் சொல்கிற தீர்ப்பு. இதில் எவன் குறை சொல்ல முடியும்?

ஊரில் ஆட்டுக்கறி பங்கு போட்டாலும் இதே முறைதான், இதே முதுகுதான். அவருக்கு நிலம் இரண்டு காணி, பேச்சு இருபது காணிக்கு. "நான் திரும்பிக்கினா, பெத்த புள்ளயே வந்து நின்னாலும் எனக்கு ஆளு தெரியாது" என்று டீக்கடையில் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

சுங்குவார்சத்திரத்துக்குத் தெற்கே உள்ள இந்த ஏரியின் மீன் குத்தகை வலைக்காரர்களுடையது. இந்த 1991 பொங்கல் கழிந்த கையோடு, மெட்ராஸ் தூண்டில் கிளப் ஒன்று எங்கேயோ மேலிடத்தில் பேசி ஞாயிற்றுக்கிழமைகளைத் தனக்கென்று வாங்கிக்கொண்டு வந்து இறங்கியது. அன்றைக்கு வலையே விழக்கூடாது என்றார்கள். தூண்டில் நரம்பு வலையில் சிக்கி, வாய்ச்சண்டை கைகலப்பு வரை போயிற்று. நடுவில் புகுந்தவர் தாண்டவராயன். "ஏரி ஒண்ணு, மீனும் ஒண்ணு. ரெண்டு பேரும் புட்ச்சத ஒண்ணா கொட்டுங்க. பாதி பாதி. அப்பாலிக்கு இன்னா பேச்சு?" என்றார். ஞாயிறு அடியோடு போவதற்குப் பாதியாவது தேறட்டும் என்று வலைக்காரர்கள் தலையாட்டினார்கள்.

அந்த 'ஒண்ணா கொட்டுறது' பார்க்கவேண்டிய காட்சி. கிளப்காரர்கள் விடிந்ததும் வந்து, வண்ணக்குடை விரித்து, மடக்கு நாற்காலியில் சாய்ந்து, சிங்கப்பூர் தூண்டிலைத் தண்ணீரில் விட்டுவிட்டு பிளாஸ்க்கைத் திறப்பார்கள். பிடித்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விடுவதுதான் தங்கள் கண்ணியம் என்று செயலாளர் விளக்குவார். விடுகிற அளவுக்கு ஒன்றும் அகப்படாததால் அந்தக் கண்ணியத்தை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. எப்போதாவது ஒரு கெளுத்தி மாட்டினால் அதைத் தூக்கிப் பிடித்து மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கெளுத்தியும், இடுப்பளவு சேற்றில் நின்று வலைக்காரர்கள் நாகப்பனும் மாரியும் இழுத்த கூடை மீனும் ஒரே சாக்கில் கொட்டப்படும். பிறகு ஆறு கூறாகப் பிரித்துச் சரிபாதி. நியாயம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

கூறுகளின் எடை சமம்தான். ஆனால் பெரிய விரால் ஒன்று கிடந்தாலே ஒரு கூறின் கனம் வந்துவிடும். மற்றதெல்லாம் மலிவான ஜிலேபி மீனும் பொடிக் கெண்டையும். நாகப்பன் பெண்சாதி கோவிந்தம்மாவுக்கு வேண்டியது அந்த விரால். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மெஸ்ஸுக்கு ஞாயிறு மதியம் விரால் கொடுப்பது அவள்தான். அவளுக்கென்று நிலையாக இருக்கிற ஒரே வாடிக்கை. வாரா வாரம் விரால் கிளப் பக்கமே விழுந்ததில் மெஸ்காரர் சலித்துப்போய், "இந்த வாரமும் ஜிலேபியத் தூக்கிக்கினு வந்தின்னா நான் வேற ஆள பாத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டார்.

கிளப்பின் அந்த அதிர்ஷ்டம் குடியிருந்தது செயலாளரின் வெள்ளை அம்பாசடரில். தாண்டவராயன் எப்போதும் அதன் டிரைவர் கதவை ஒட்டித்தான் நிற்பார். கதவின் பக்கக் கண்ணாடியில் பின்னால் கிடக்கிற ஆறு கூறும், மாரியின் குச்சியும் பளிச்சென்று தெரியும். அது பித்தலாட்டம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நான் திரும்பவில்லையே, கண்ணாடி என் எதிரில் வந்து நின்றால் நானா பொறுப்பு என்று மனசுக்குள் வழக்காடித் தானே ஜெயித்தும் விட்டார். காசு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்தால் தொட்டிருக்கவும் மாட்டார். செயலாளர் ஒருநாள் "ஜட்ஜ் சார்" என்று கூப்பிட்டு, முன்சீட்டில் உட்காரவைத்து ஒரகடம் வரை ஒரு சுற்று அழைத்துப் போனார். வழியில் நாலு பேர் பார்த்தார்கள். அவ்வளவுதான். இவ்வளவு மலிவாகவா ஒரு மனுஷன் விலைபோவான் என்று வயிறு எரிகிறது.

போன ஞாயிறு கோவிந்தம்மா கூறுகளின் பக்கத்தில் குந்தி மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக நிமிர்ந்தவளுக்குக் கார்க் கண்ணாடியில் தாண்டவராயனின் இரண்டு கண்ணும் தெரிந்தன. அவை விராலின் மேலேயே இருந்தன. அவர் கண் தனக்குத் தெரிகிறதென்றால் தன் மீன் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் கூச்சல் போடவில்லை. மீன் மூடுகிற ஈரச் சாக்கை எடுத்துப் போய்க் கண்ணாடியின் மேல் போர்த்தினாள்.

"இன்னாம்மே இது?" என்றார் தாண்டவராயன்.

"வெயிலு அதுல பட்டு மூஞ்சிலயே அடிக்குது மாமா. நீ சொல்லு. உனக்கு இன்னா, நீதான் திரும்பிக்கினு கீறியே."

"ஏம்மா, பெயிண்ட் போயிடும்..." என்று ஆரம்பித்த செயலாளர், வலைக்காரர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

மாரி குச்சியை வைத்தார். "இது யாருக்கு?"

மாரி குச்சியால் கூறை இன்னொரு தட்டுத் தட்டினார்.

"மாமா, உன்னத்தான் கேக்கறேன். இது யாருக்கு?"

தாண்டவராயன் தொண்டையைச் செருமினார். எதிரே சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கரையில் இருந்த அத்தனை பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவருடைய கழுத்து, அவரைக் கேட்காமலே, மெல்லக் கூறுகளின் பக்கம் திரும்பியது.