வண்டிப்பேட்டைச் சந்துக்காரி

வண்டிப்பேட்டைச் சந்து என்றால் மதுரையில் ஆட்டோக்காரர்கள்கூட ஒரு நொடி யோசிப்பார்கள். செயின் பறிப்பு, செல்போன் திருட்டு என்று பேப்பரில் அடிக்கடி அடிபட்ட பெயர். அந்தச் சந்தில்தான் பக்ருன்னிசா இருபத்தாறு வருடமாக ஜாக்கெட் தைக்கிறாள். கணவர் இறந்தபின் அந்தத் தையல் மெஷினை வைத்தே மகள் ஜஸீலாவை பி.எட். வரை படிக்க வைத்தாள். பகலில் வாசல் கதவைச் சாத்தியதே கிடையாது.

போன தை மாதம் ஜஸீலாவைப் பெண் கேட்டு, மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா நாகூர் கனி திருமங்கலத்திலிருந்து வந்தார். வந்ததிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. புள்ள தங்கம். ஏரியாதான்... ஒரு மாதிரி சொல்றாங்க."

டீயைக் குடித்துவிட்டு வெளியே போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். சந்து முனையில் நிறுத்தியிருந்த அவருடைய புது பைக்கைக் காணோம்.

பக்ருன்னிசாவுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். "எம் வீட்டுக்கு வந்த விருந்தாளி வண்டியக் காணோம்ப்பா!"

பஞ்சர் கடை ஆண்டிச்சாமி போட்டது போட்டபடி எழுந்து வந்தான். "செவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் தள்ளிக்கிட்டுப் போனான்க்கா. பெட்ரோல் தீந்துருச்சு போலன்னு நெனச்சேன். நம்ம சந்து ஆளு இல்ல." மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இருளாயி, அவன் திரும்பிய திசையைச் சொன்னாள். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போன் போயிற்று. ஆளுக்கொரு பக்கமாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

முக்கால் மணி நேரத்தில் பைக்கும் வந்தது, சிவப்புச் சட்டையும் வந்தது. யாரோ கையை ஓங்க, பக்ருன்னிசா நடுவில் போய் நின்றாள். "அடிக்காதீங்கப்பா. ஸ்டேஷன்ல விட்ருவோம்."

நாகூர் கனி சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "சந்தே இறங்கிருச்சே, தங்கச்சி!"

"இங்க திருட்டே இல்லன்னு சொல்லமாட்டேண்ணே. ஆனா எனக்கு ஒண்ணுன்னா எம்புட்டுப் பேரு வருவாங்கன்னு தெரியும். அதான் பயமில்ல."

ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா சாட்சிக்கு அவளுடைய முகவரியைக் கேட்டார். சொன்னாள். பேனா நின்றது.

"அந்தச் சந்தா? அங்க எப்படிம்மா குடியிருக்கீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நாகூர் கனி முந்திக்கொண்டார். "அது என் சம்பந்தி வீடு சார். நல்லா எழுதிக்கங்க."

பக்ருன்னிசா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவு எண்ணையும் சேர்த்து, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி முகவரியை இன்னொரு தரம் சொன்னாள்.