தோல் வண்டிக்குத் திரும்பிய நாள்

லாரியை விட்டுவிட்டு ஷூ கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தபோது, இனி ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. ஆறு வருடம் நான் நாற்காலியில் உட்கார்ந்தது போதும் என்று கம்பெனிக்குத் தோன்றிவிட்டது. ஆர்டர் கம்மி என்று ஆட்களைக் குறைத்தார்கள். முதலில் என்னைத்தான் அனுப்பினார்கள். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா கிடந்துவிட்டு, வாணியம்பாடியில் என் பழைய லாரி முதலாளியைப் பார்க்கக் கிளம்பினேன்.

மனைவி ஒன்றுதான் சொன்னாள். "லாரி ஓட்டுங்க, வேணாங்கல. தோல் வண்டி மட்டும் வேணாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உப்பு போட்ட பச்சைத் தோலை ஏற்றி இறக்கும் நாற்றம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாசூக்காக எழுந்து போனதை என்னைவிட அவள்தான் அதிகம் பார்த்திருக்கிறாள்.

முதலாளியோ, "சிமெண்ட் வண்டிக்கெல்லாம் ஆள் இருக்குதுப்பா. தோல் லோடுக்குத்தான் டிரைவர் இல்ல. ஏறுறியா?" என்றார். ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் காலை சென்னையில் லோடு ஏற்றிக்கொண்டு வாணியம்பாடிக்குக் கிளம்பினேன். கிளட்சை மிதித்து மிதித்து வேலூர் தாண்டுவதற்குள் இடது முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தவனெல்லாம் என்னைத் திட்டுவதாகவே பட்டது. முன்பெல்லாம் அப்படி அடித்து மற்றவர்களை விரட்டியவன் நான்.

ஆம்பூர் வந்ததும் நல்ல பசி. வழக்கமான பிரியாணிக் கடைக்கு நேராக வண்டியை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமைகளில் மனைவியோடு வரும் கடை. உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் ஒரு அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். கல்லாவில் இருந்த பாய் என்னிடம் வந்து குனிந்தார்.

"அண்ணே, தோல் வண்டியா ஓட்டுறீங்க? வண்டிய பாலம் தாண்டி போட்டுக்குங்க. பார்சல் குடுத்தனுப்புறேன். சாப்பிட வந்தவங்க பேஜாராவுறாங்க."

எழுந்துவிட்டேன். தோல் வண்டி கடை முன்னால் நிற்காது. பாலம் தாண்டித்தான் நிற்கும், சாப்பாடு அங்கே வரும். யாரும் எழுதி வைக்காத வழக்கம். புதிதாக வந்த டிரைவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியதில் எனக்கே மறந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி கடை வாசல் வரைக்கும் ஓடியிருந்தது.

பாலம் தாண்டி, கேபினில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தேன். பாய் மேல் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அவமானமாக இருந்தது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. பாய்க்கே ஒரு நொடியில் தெரிந்துவிட்டது, மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா?

வாணியம்பாடியில் லோடை இறக்கியதும் தொட்டிக் குழாயில் இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்தேன். வேறு சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"தோல் வண்டிதான?"

"வேற வண்டி இல்லன்னாரு."

"நாளைக்கும் இதேதானா?"

"ஆமா."

சோறு போட்டாள், சாப்பிட்டேன். படுக்கும்போது என் பாயைத் தள்ளிப் போடுவாள் என்றுதான் நினைத்தேன். எப்போதும் போல் தன் பாயை ஒட்டியே விரித்தாள். படுத்த பிறகு முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.