கிள்ளானில் ஒரு நீண்ட துஆ

மெய்ஞ்ஞானிகளைப் பற்றி நூல் எழுத ஊர் ஊராகத் திரியும் நான், கிள்ளான் ஆற்றோரத்தில் ஒரு பெரியவரை அடக்கம் செய்த கபுறுக்குத் தவறான நேரத்தில் வந்து நிற்கிறேன். கபுறின் மேல் கட்டிய மேடையை இடிக்கக் கடப்பாரையோடு ஓர் இளைஞர். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். குறுக்கே, சாம்பிராணிச் சட்டியோடு கபுறைப் பராமரிக்கும் பாய்.

“கபுறக் கட்டி எழுப்புறது ஹராம். விலகுங்க பாய்!” என்கிறார் இளைஞர்.

“என்னைத் தாண்டித்தான் இந்தப் புனிதமான கெராமாட்டுல கை வைக்கணும்,” என்ற பாய் என் தலைப்பாகையைப் பார்க்கிறார். “ஹஜ்ரத், கித்தாபு படிச்சவங்க நீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

எதைச் சொன்னாலும் அடிதடிதான். இறந்தவருக்காக இறைவனிடம் துஆ கேட்பதை மட்டும் இரு தரப்பும் மறுக்காது. கையேந்தி ஓதத் தொடங்குகிறேன். எல்லோரும் ஏந்துகிறார்கள். பாய் சட்டியைக் கீழே வைக்கிறார். இளைஞரும் வேறு வழியின்றிக் கடப்பாரையைப் புல்லில் போடுகிறார்.

ஆமீன் சொன்னால் கைகள் இறங்கிவிடும். நான் துஆவை நீட்டிக்கொண்டே போகிறேன்.