‘தெரியுது’ என்று பொய் சொன்ன ஞாயிறு

ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய் மறுபடி தலைதூக்கிய காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாயாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே ஒரு தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு. கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. மனைவிக்குப் பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

எனக்குப் படிக்கத் தெரியும். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்தில் ஒன்பது கிறிஸ்தவக் குடும்பங்கள். கூலிகள் குடியிருந்த லயத்தின் கடைசி அறை காலியாகக் கிடந்ததால் அதையே ஜெபவீடாக்கிக்கொண்டோம். ஈப்போவிலிருந்து உபதேசியார் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதத்தை வாசிப்பது நான். வாசிப்பதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, வியாக்கியானமும் செய்வேன். கேட்பவர்கள் வாய் திறந்து கேட்கிறபோது எனக்குத் தலை கொஞ்சம் பெரிதாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிறவிக் குருடனின் கதை. இயேசு மண்ணைச் சேறாக்கி அவன் கண்ணில் பூசுவார், போய்க் குளத்தில் கழுவு என்பார், அவன் கழுவிவிட்டுப் பார்வையோடு வருவான். அதைச் சொல்லும்போது என் குரலே மாறிவிடும். தனியாக இருக்கும்போது நான் கேட்ட ஜெபமும் கண்ணைப் பற்றியதுதான். ஆண்டவரே, ஒரே ஒரு தடவை உம்மைப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்பேன். யார் யாருக்கோ தரிசனம் கிடைத்ததாகக் கேள்விப்படுகிறோமே, எனக்கு ஏன் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு குறை.

என் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவன் என் வயதுக்காரன். முனியாண்டி கோயிலில் உடுக்கை அடிப்பான், சனிக்கிழமை கள்ளுக்கடையில் இருப்பான். என்னை எப்போதும் ‘உபதேசி’ என்றுதான் கூப்பிடுவான், அதில் கேலி முக்கால் பங்கு. ஒரு ஞாயிறு நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அவன் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து உடுக்கைக்குப் புதுத்தோல் கட்டி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கண்ணிருந்தும் குருடர்கள் இந்த லயத்திலேயே இருக்கிறார்கள்" என்று வாசல் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னேன். அவன் யாரைச் சொல்கிறேன் என்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை நான் பல நாள் மறக்கவில்லை.

பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஆசிட் கலப்பார்கள். கலக்கிறவர் காய்ச்சலில் படுத்ததால் ஒரு நாள் தோட்டத்துக் கணக்கரான கிராணி என்னைப் போகச் சொன்னார். பெரிய கண்ணாடி ஜாடியைச் சாய்த்தேன். அது என் பிடிக்கு மீறிச் சாய்ந்தது. முகத்தில் நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. யாரோ என்னைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தோட்டத்து டிரெஸ்ஸர் மருந்து போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். "நாளைக்கே ஈப்போ போ. இது என் கையில இல்ல" என்று தெளிவாகத்தான் சொன்னார். இடது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. வலது கண்ணில் கஞ்சித் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் உருவங்கள் ஆடின.

நான் போகவில்லை. ஏன் என்று இன்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் என் மனைவியிடம் கேட்டாளாம். "ஏன்கா, ஒங்க சாமி மண்ணப் பூசிக் கண்ணு குடுத்துச்சுன்னு அண்ணே சொல்லுவாரே, அவருக்குக் குடுக்காதா?" கிண்டலாகக் கேட்டவள் அல்ல அவள், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தைத்துவிட்டது. இத்தனை மாதம் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு இப்போது சீட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஆண்டவருடைய பேர் என்ன ஆகும்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பேர் என்ன ஆகும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அப்போது உறைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆத்துல சேறு பூசிக் கழுவப்போறேன். வர்றவங்க வரட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். மனைவி என் காலைப் பிடித்து அழுதாள். "பிள்ள பொறந்தா அது மொகத்தப் பாக்க வேணாமா? ஈப்போ போயிட்டு வந்துருவோம்ங்க" என்றாள். உனக்கு விசுவாசம் இல்லை என்று அவளைத் திட்டினேன்.

ஞாயிறன்று ஒன்பது குடும்பமும் வந்தது. வேடிக்கை பார்க்கப் பாதி லயமும் வந்தது. எங்கள் ஆறு மேலே ஈயம் அலசுகிற இடத்தைத் தாண்டி வருவது. கரைச் சேறு சாம்பல் நிறத்தில் மணலும் நெருநெருப்புமாக இருக்கும். அதை இரண்டு கையாலும் அள்ளி, ஜெபம் செய்து, கண்ணில் அப்பிக்கொண்டேன். புண்பட்ட கண்ணில் அந்த மணல் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நூறு எண்ணினேன். குனிந்து கழுவினேன். கண்ணைத் திறந்தேன்.

முன்பு ஆடிய உருவங்களும் போய்விட்டன. சிவப்பாக ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது, அதற்குமேல் எதுவும் இல்லை.

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் தலையை நிமிர்த்தி, "தெரியுது! எனக்குத் தெரியுது!" என்று கத்தினேன்.

"ஸ்தோத்திரம்" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. ஒருவர் விம்மி அழுதார். பிறகு எல்லாரும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். பார்வை வந்தவன் முன்னால் நடக்க வேண்டுமாம்! ஆற்றிலிருந்து லயத்துக்கு அரை மைல் காட்டுப்பாதை, நடுவில் ஆள் ஆழத்துக்கு ஒரு கால்வாய், அதன் மேல் ஒற்றைக் கட்டைப் பாலம். மனைவி என் பின்னால் நிற்பது அவள் மூச்சில் தெரிந்தது. ஆனால் நாலு பேர் பார்க்கக் கணவன் கையைப் பிடிக்கிற வழக்கம் எங்களிடம் ஏது? அவள் என் கையைத் தொட்டால் அந்த நிமிஷமே எல்லாருக்கும் புரிந்துவிடும்.

அப்போது எனக்கு முன்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

"தள்ளுங்கப்பா, வேலவெட்டி இல்லாதவங்கள்லா நின்னு பாருங்க, எனக்கு வேல கெடக்கு" என்று பக்கத்து நிரைக்காரனின் குரல். பால்வாளிகளை மணல் போட்டுத் தேய்க்க அவன் ஆற்றுக்கு வந்திருந்தான். தோளில் காண்டாக் கம்பை வைத்து, அதன் இரண்டு முனையிலும் வெறும் வாளிகளைத் தொங்கவிட்டு, ஒன்றோடொன்று மோதவிட்டு நடக்க ஆரம்பித்தான். டங், டங், டங். நான் வேறு வழியில்லாமல் அந்தச் சத்தத்தின் பின்னால் காலை எடுத்து வைத்தேன்.

சும்மா நடந்தானா? வாய் ஓயாமல் தோட்டத்தைத் திட்டிக்கொண்டே போனான். "இந்த வேரு நட்டநடு வழியில நீட்டிக்கிட்டு நிக்குது, எவனுக்காச்சும் வெட்டணும்னு தோணுதா?" நான் காலைத் தூக்கி வைத்தேன். வேர் என் குதிகாலில் உரசியது. "இங்கன எடது பக்கம் பூரா சகதி, மனுசன் நடப்பானா?" நான் வலது பக்கம் ஒதுங்கினேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கால்வாய் வந்ததும் வாளிச் சத்தம் கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. வாளியைக் கீழே வைத்து அதன் அடியை விரலால் தட்ட ஆரம்பித்தான், உடுக்கையைத் தட்டுவதுபோல் விடாமல். "நாலு எட்டு கூட இல்லாத கட்டை, நேரா போட்டிருக்கானுங்க, அதுக்கு ஒரு கைப்பிடி வைக்க அந்தக் கிராணிக்கு மனசு வரல!" என்று கத்தினான். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அந்தத் தட்டலையே நோக்கி நாலு எட்டு வைத்தேன். நாலாவது எட்டில் கால் மண்ணைத் தொட்டது. அந்த நாலு எட்டில் நான் செய்ததுதான் என் வாழ்நாளில் செய்த நிஜமான ஜெபம் என்று நினைக்கிறேன். அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

வீட்டுக்குள் வந்து விழுந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் பின்பக்கம் அடுப்படி வழியாக உள்ளே வந்தான்.

"உபதேசி, இது எத்தன வெரலு, சொல்லு?"

"மூணு" என்றேன். அப்போதும் திமிர் போகவில்லை பாருங்கள்.

"நான் கையவே தூக்கலடா" என்றான்.

மனைவி சத்தம் போட்டு அழுதுவிட்டாள். நானும் அழுதேன், கண்ணீர் பட்டு இன்னும் எரிந்தது. "அத்தன பேரு முன்னாடி ஏன் சொல்லாம விட்ட?" என்று கேட்டேன்.

"ஒனக்காகவா விட்டேன்? ஒம் பொண்டாட்டி மொகத்தப் பாத்தேன், மனசு கேக்கல. டிரெஸ்ஸர் குடுத்த சீட்ட எடு, காலைல ரயிலுக்குப் போலாம்."

"போனா ஆண்டவர் பேரு கெட்டுரும்" என்று முனகினேன்.

"ஒங்க சாமி பேரு ஒங் கண்ணுலயா தொங்குது? ஒலகத்தையே படைச்சவருன்னு சொல்ற, அவரு பேர அவரு பாத்துக்குவாருலா. நீ ஒங் கண்ணப் பாரு."

தலையணைக்கு அடியிலிருந்த சீட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுக்காமல் அவன் என்னோடு ஈப்போவுக்கு வந்தான். ரயிலேறி, இறங்கி, ஆஸ்பத்திரி வாசல்வரை என் கை அவன் தோளிலேயே இருந்தது. டாக்டர் கண்ணைக் கழுவக் கழுவ மணல் வந்ததாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றார்கள். இடது கண் அதோடு சரி. வலது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

மூன்று வாரம் இருட்டில் கிடந்தேன். வாசிக்க முடியாததால் எனக்கு முழுக்க மனப்பாடமாயிருந்த அந்த ஒரே கதையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். எப்போதும் என்னை அந்தக் குருடனோடு சேர்த்துத்தான் நினைத்துக்கொள்வேன். அதே கதையில் இன்னொரு கூட்டமும் வருகிறது, எல்லாம் தெரிந்த படித்தவர்கள், எங்களுக்கா கண் தெரியவில்லை என்று கேட்கிறவர்கள். அவர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நான் வாசல் பக்கம் பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரையில் "தெரியுது" என்று கத்தினேனே, அப்போது நான் எந்தக் கூட்டத்தில் நின்றேன்? இருட்டில் படுத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நர்ஸ் வலியா என்று கேட்டார்.

கண்கட்டை அவிழ்த்ததும் நான் முதலில் பார்த்தது கட்டில் பக்கத்தில் இருந்த தகரக் குவளை. அதன் காதில் எனாமல் பெயர்ந்திருந்தது. அவ்வளவு அழகான பொருளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிய முதல் ஞாயிறு ஜெபவீட்டில் எழுந்து நின்று, அன்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஆண்டவர் கண் கொடுக்காமல் போகவில்லை, டிரெஸ்ஸரின் சீட்டு வழியாகக் கொடுத்ததை வாங்கத் தெரியாமல் நான்தான் சேற்றைப் பூசினேன் என்றேன். ஒரு குடும்பம் எழுந்து போனது, பல மாதம் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழாயடியில் கேள்வி கேட்ட பெண் வாசலில் நின்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் அவன், வாயில் வெற்றிலை. நான் வாசல் பக்கம் பார்த்தபோது அவன் பழையபடி திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். அந்தத் தடவை முதலில் சிரித்தவன் நான்.

இரண்டு வாரம் கழித்து எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், போதுமானதாக இருந்தது.

அவன் கிறிஸ்தவனாகவில்லை. நானும் கேட்கவில்லை. உடுக்கை அடித்தான், கள் குடித்தான், என்னை உபதேசி என்றே கூப்பிட்டான். முப்பதுகளின் தொடக்கத்தில் ஆட்குறைப்பு வந்தபோது கப்பலேறி ஊருக்குப் போய்விட்டான். அதன் பிறகு அவனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை.

ஆண்டவரே, உம்மைப் பார்க்க வேண்டும் என்ற பழைய ஜெபத்தை நான் இப்போது செய்வதில்லை. அவர் எனக்கு முன்னால் நடந்துபோன அன்று எனக்குக் கண் தெரியவில்லை, வாளிச் சத்தம்தான் கேட்டது, நான் கால்வாயில் விழாமல் வீடு வந்து சேர்ந்தேன்.