டேப்லெட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

வீட்டுக்குள் நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு நடமாடுவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ன சார், காச்சலா? அக்காவுக்குத் தொத்திக்கிரும்னு போட்டிருக்கீகளா?"

"இல்லம்மா."

"பெறகு? நாப்பது வருசங் கழிச்சு ஒங்க வாய மூட வச்சுட்டாகளாக்கும்!"

கட்டிலில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் விளையாட்டாகச் சொன்னது ஏறக்குறைய உண்மை.

சின்னமனூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் பேச்சும் போயின. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் சொல்லத்தான் சொல் வராது. "அது, அது" என்பதோடு நின்றுவிடும். சந்தையில் ஒரு பேச்சுக்கு நாலு பேச்சு திருப்பிக் கொடுத்தவள்.

மதுரையில் அவளைப் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர் ஓர் இளம்பெண். இன்னும் சிலரோடு சேர்ந்து இணையவழிப் பயிற்சி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கை கால் விளங்காத ஒருவரை அரை மணி நேரப் பயிற்சிக்காக மதுரைக்குப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது நடக்கிற காரியமில்லை. நான் தமிழாசிரியர் என்று தெரிந்ததும், இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிய சொற்களையும் படங்களையும் தேர்ந்து தரச் சொன்னார். பால், திராட்சை, வாழைத்தார், ஏலக்காய், ஜீப்பு என்று பட்டியல் போட்டேன். குடும்பத்தாருக்கான குறிப்புகளையும் எழுதினேன். "நோயாளி தடுமாறும்போது வீட்டார் பதிலை எடுத்துக் கொடுக்கலாகாது" என்ற வரி என்னுடையது. முதல் சில மாதங்களில்தான் பேச்சு எளிதாகத் திரும்பும், அவற்றை வீணாக்கக் கூடாது என்ற வரியும் என்னுடையதுதான்.

பயிற்சியின் முறை எளியது. டேப்லெட்டில் ஒரு படம் வரும். சற்று நேரம் காத்திருக்கும். சொல் வராவிட்டால் முதல் எழுத்தின் ஒலியை மட்டும் கொடுக்கும். அப்போதும் வராவிட்டால் முழுச் சொல்லையும் சொல்லும். சோதித்துப் பார்க்க நான்கைந்து வீடுகளைத் தேர்ந்தார்கள். எங்கள் வீடு முதலாவது.

முதல் நாள் திரையில் அந்தப் பெண் இருந்தார். பால் டம்ளர் படம் வந்தது. என் மனைவியின் உதடு துடித்தது. நெற்றியில் வியர்வை. கண் கலங்கிவிட்டது. டேப்லெட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான், என்னை அறியாமல், சத்தமின்றி "பா" என்று உதட்டைச் சேர்த்துத் திறந்தேன். அவள் பார்த்தாள்.

"பால்" என்றாள்.

திரையில் அந்தப் பெண் கைதட்டினார். என் மனைவியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று எழுதுவது?

எங்கள் பள்ளியில் ஆய்வாளர் வரும் நாளில் ஆசிரியர்கள் எல்லோரும் செய்ததுதான் இது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, எழுந்து நிற்கிற பிள்ளைக்கு முதல் எழுத்தை உதட்டில் எடுத்துக் கொடுப்போம். பிள்ளை பிடித்துக்கொள்ளும். ஆய்வாளர் மகிழ்ந்து போவார். அதைத் தவறு என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அறியாமல் செய்தது அந்த முதல் நாள் மட்டுமே. அடுத்த நாளிலிருந்து அறிந்தே செய்தேன். "உங்க வீட்டம்மா எவ்வளவு நல்லா வர்றாங்க, சார்!" என்று கேட்பது எனக்கு இனித்தது. ஏழு மாதம் அந்த நாற்காலியை விட்டு நான் எழவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் எழுத்து ஒலி எத்தனை நொடி கழித்து வர வேண்டும் என்று பயிற்சிக் குழுவின் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, அவசரப்பட வேண்டாம், நன்றாகக் காத்திருக்கட்டும் என்று வாதாடியவன் நான். "என் வீட்டில் அது தேவைப்படவே இல்லையே" என்றேன். ஒலி இன்னும் தாமதமாக வரும்படி மாற்றினார்கள். கூடலூரில் ஜீப் ஓட்டிய ஒருவரும் சோதனையில் இருந்தார். அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"அந்தப் பொட்டி பேசாம முழிக்குது. இவுக அதப் பாத்து முழிக்கிறாக. ரெண்டு ஊமைக்கு நடுவுல நான் என்ன சார் செய்ய?"

"பொறுமையா இருங்கம்மா. எங்க வீட்டில வந்திருச்சு. உங்களுக்கும் வரும்" என்று சொன்னேன். அவர் கணவர் அடுத்த வாரமே பயிற்சியை விட்டுவிட்டார்.

எனக்குக் கண்புரை அறுவை வந்தது. தேனிக்குப் போனேன். அன்று காலைப் பயிற்சிக்கு மகள் துணையிருந்தாள். மதியம் அவள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா ஒரு வார்த்தகூடப் பேசலப்பா. பால் படத்துக்குக்கூட வாயத் தெறக்கல. ஒங்க நாற்காலியவே பாத்துக்கிட்டு இருந்தாக. ரெண்டாவது தடவ வாதம் வந்திருக்குமோன்னு மதுரை டீச்சரம்மா பயப்படுறாங்க. ஒடனே ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. கார்ல கூட்டிட்டு வர்றேன்."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நிஜமாகவே மறுபடி வந்திருந்தால் என்ற பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். வாயைத் திறக்கவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு தேனி ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு, என் மனைவியைச் சக்கர நாற்காலியில் ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோவதைப் பார்த்தேன். உள்ளிருந்து அவள் அலறியது கேட்டது. சொல்லில்லாத அலறல். புதிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

நடையிலிருந்தே மதுரைப் பயிற்சியாளருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"எத்தன மாசமா, சார்?"

"ஆரம்பத்திலேர்ந்து."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்க பார்வை மேல போறத நானும் கவனிச்சேன், சார். யோசிக்கும்போது அப்பிடித்தான் பாப்பாங்கன்னு விட்டுட்டேன். முதல் எழுத்து குடுக்கிறது தப்பில்ல. நாங்களும் குடுப்போம். ஆனா கொஞ்சங் கொஞ்சமா நிறுத்திருவோம். நீங்க நிறுத்தவே இல்ல."

"இனிமே வருமா?"

"முயற்சி பண்ணுவோம், சார்" என்றார். அந்தக் குரலை நான் அறிவேன். தேறமாட்டான் என்று தெரிந்த பையனின் தகப்பனிடம் நானும் அதே குரலில் பேசியிருக்கிறேன்.

பயிற்சியில் முதல் எழுத்து ஒலி மறுபடி சீக்கிரமே வரும்படி மாற்றிவிட்டார்கள். கூடலூர் அம்மாவுக்கு நானே போன் செய்து, குற்றம் என்னுடையது என்று சொன்னேன். "இப்பப் பொட்டிய எடுத்தாலே தலையத் திருப்பிக்கிறாக, சார். விட்ருங்க" என்றார்.

என் மனைவிக்குப் பயிற்சி நடக்கும்போது நான் அடுப்படியில் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. மற்ற நேரத்தில் முகக்கவசம். எதற்கும் அவள் என் உதட்டையே பார்ப்பதால் அந்தப் பெண் சொன்ன ஏற்பாடு இது. அடுப்படியில் நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு, அறையில் நீளும் மௌனத்தைக் கேட்கிறேன். சில நாள் ஒரு சொல் வருகிறது. பல நாள் வருவதில்லை.

இன்று காலை பயிற்சி முடிந்து நான் உள்ளே போனபோது அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அது" என்றாள். தண்ணீரா என்று கேட்டேன். இல்லை. தலையணையா? ஜன்னலா? மகளிடம் பேசணுமா? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு கையை நீட்டி என் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, என் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தாள்.

படம் எதுவும் இல்லை. பட்டியலும் இல்லை. அவள் சொல்ல வந்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. எந்த எழுத்தில் தொடங்கும் என்றும் தெரியவில்லை. வாயைத் திறந்து, மூடினேன்.

வெகுநேரம் பார்த்தாள். பின்பு முகக்கவசத்தைத் தூக்கி, பழையபடி என் காதில் மாட்டப் பார்த்தாள். ஒரு கையால் அது அவளுக்கு முடியவில்லை. நானே மாட்டிக்கொண்டேன்.