ஒரு சாண் தூரத்தைக் கடக்க நோர்வூட் வரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயிலேறினேன். நீர்வீழ்ச்சி பார்க்க அல்ல. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் பெரியம்மா மகள் ராணி அக்கா இருக்கிறார். அவருடைய லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு சரிந்து, அவர் வீட்டோடு சேர்த்து ஆறு வீடுகளின் சுவரும் வெடித்திருக்கிறது. மண்சரிவு பார்க்கும் அதிகாரி மாதத்தில் ஒரு புதன்கிழமைதான் நோர்வூட்டுக்கு வருவார், பகல் பன்னிரண்டு மணிவரை இருப்பார். மறுநாள் அந்தப் புதன். அவரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

"கையால எழுதிக் குடுத்தத ரெண்டு தடவ தூக்கிப் போட்டுட்டாங்க தம்பி. டைப் அடிச்சு குடுத்தாத்தான் மதிப்பாங்க" என்றார், ஹட்டனுக்கு என்னை அழைக்க வந்த அக்கா.

அங்கேயே அவருடைய போனிலும் என் மடிக்கணினியிலும் ஒரே குறிப்புச் செயலியைப் போட்டேன். ஒன்றில் எழுதினால் மற்றதில் தானாக வந்துவிடுமாம். அப்படித்தான் பீற்றிக்கொண்டது. ஹட்டனிலிருந்து நோர்வூட் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் நூறு ரூபாய்த் தாள் கொடுத்தேன், மிச்சம் வரவே இல்லை. அன்று மாலை அக்கா வீடு வீடாகப் போய், எந்தச் சுவர், எவ்வளவு வெடிப்பு, அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் போனில் எழுதினார்.

காலை ஏழு மணிக்குக் கணினியைத் திறந்தால் ஹட்டனில் போட்ட வெறும் தலைப்பு மட்டும் இருந்தது. லயத்தில் சிக்னல் கிடையாது. போனும் கணினியும் ஒரே கட்டிலில் ஒரு சாண் இடைவெளியில் கிடக்கின்றன. ஆனால் எழுத்து ஏதோ வெளிநாட்டுக் கணினிக்குப் போய்த் திரும்பினால்தான் அந்த ஒரு சாணைத் தாண்டுமாம். இதை வடிவமைத்தவரைக் கொண்டுவந்து அந்த மண்மேட்டுக்கு அடியில் ஒரு ராத்திரி படுக்க வைக்க வேண்டும். ஹட்டனில் 450 ரூபாய்க்கு வாங்கிய கேபிளைச் செருகினேன். சார்ஜ் ஏறியது, எழுத்து ஏறவில்லை. சார்ஜுக்கு மட்டும்தான் அந்தக் கேபிள் என்று விற்றவன் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருக்காமல் கணினியில் தலைப்பைக் கொஞ்சம் திருத்தினேன்.

ஆட்டோக்காரத் தம்பியிடம் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"கோயில் வளைவுல ரெண்டு கோடு வரும்ணே. மழ பேஞ்சா அதுவும் இல்ல."

நோர்வூட் போகும் வழியிலேயே ஐந்து கிலோமீட்டர், ஆயிரம் ரூபாய். வழியில் ஒரு லொறி பழுதாகி மூன்று மணி நேரம் குறுக்கே நின்றதால், வளைவுக்கு வரும்போதே பதினொன்றரை. போனிலிருந்து இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தேன். செயலி சுற்றியது, நின்றது. நான் தலைப்பைத் திருத்தியதால் கணினியில் இருந்ததே புதியது என்று எடுத்துக்கொண்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டது. ஆறு வீடுகளும் போயின. வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"திட்டுனா வருமா? நான் சொல்றேன், நீ அடி" என்றார் அக்கா.

அவர் சொல்லச் சொல்ல ஆட்டோவிலேயே அடித்தேன். நோர்வூட்டில் அச்செடுத்துக் கொடுத்தபோது அதிகாரி பையை மூடிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் அக்கா திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"தம்பி, எங்க வீட்ட சொன்னேனா?"

சொல்லவில்லை. ஊரார் வீட்டையெல்லாம் சொன்னவர் தன் வீட்டை விட்டுவிட்டார். நானும் கவனிக்கவில்லை. அதிகாரியின் வாகனம் அப்போதே போய்விட்டிருந்தது.

மலைப்பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் செயலியை வீட்டிலேயே இணையத்தை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். புளூடூத் இருக்கிறது, எந்தச் சிக்னலும் கேட்காது. அந்த ஆத்திரத்தில் அதுவும் எனக்குத் தோன்றவில்லை, போனைப் பார்த்தே அடித்துவிடலாம் என்றும் தோன்றவில்லை. கேபிள் வாங்கினால் கடையிலேயே போனிலிருந்து கணினிக்கு ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள். எதையும் இணைக்கும் முன் எழுதியிருக்கும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அக்கா கோயில் வளைவிலிருந்து பேசினார். அதிகாரி வந்து ஐந்து வீடுகளையும் பார்த்து, அந்தக் குடும்பங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறச் சொல்லிவிட்டாராம். அக்கா தன் சுவரையும் காட்டினாராம். மனுவில் இல்லை, அடுத்த மாதம் எழுதிக் கொடுங்கள் என்றாராம்.

"லயத்துல இப்ப நாங்க மட்டுந்தான் இருக்கோம் தம்பி" என்றார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது.