ஆயிலில் கலந்த தண்ணீர்

தங்கையன் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கார் வாங்கிய சேதி, நாகம்மாளுக்கு வயலில் வைத்துத்தான் தெரிந்தது. களை பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் போன ஒருத்தி, "காருக்காரி ஆயிட்டே, இன்னும் சேத்துல நிக்கிறியே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீடாமங்கலத்தை ஒட்டிய கிராமம் அது. தங்கையன் மிராசுதாரின் கார் டிரைவர். அவரிடம் குத்தகைக்கு எடுத்திருந்த மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலத்தைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அவன் மனைவி நாகம்மாள்தான். நாற்று விடுவது, நடவு, மடையில் தண்ணீருக்கு நின்று வாதாடுவது எல்லாம் அவள். சென்னையில் ஆட்சி மாறி, குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் ஊர் இரண்டுபட்டது. சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு வீடு வீடாக வந்தார்கள். பதிவு நடப்பதற்குள் நிலத்தை விற்றுவிட நினைத்த மிராசுதார், தங்கையனைக் கூப்பிட்டுப் பழைய அம்பாசடரைக் காட்டினார். "நெலத்துல எனக்குப் பாத்தியதை இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டு இத எடுத்துக்க."

அவன் எழுதிக் கொடுத்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாகம்மாள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அந்தப் போகத்திலிருந்து அதே வயலில், அதை வாங்கியவரிடம் கூலிக்கு நடவு நட்டாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து காரின் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுப் போவாள். அவன் சொல்லித்தான் அதைப் பழகியிருந்தாள். கார் வாடகைக்கு ஓடியது. அவன் சிரித்த முகமாக இருந்தான்.

திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் போக ஒரு குடும்பம் வண்டி பேசியிருந்தது. அன்று காலை தங்கையன் பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுவதற்காக இன்ஜின் மேலிருந்த மூடியைக் கழற்றி வைத்தான். அதற்குள் அந்தக் குடும்பத்துப் பெரியவர் வாசலுக்கு வந்து கூப்பிட, பேசப் போய்விட்டான். நாகம்மாள் குடத்தோடு வந்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஒரு வாய் திறந்திருந்தது, ஊற்றினாள். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடவுக்குப் போய்விட்டாள்.

அவன் திரும்பி வந்து அவசரத்தில் ஆயிலையும் ஊற்றி, மூடியைப் போட்டு, வண்டியை எடுத்தான். ஊர்ப் பாலத்துக்கு முன்னாலேயே இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டது. நிறுத்தி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். பால் அதிகமாய்ப் போன காப்பி போல வெளுப்பாக வழிந்தது. கல்யாணக் குடும்பம் வேறு வண்டி பிடித்துப் போயிற்று. பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் கரையேறி வந்து வண்டியைத் தள்ளினார்கள். நாகம்மாளும் தள்ளினாள்.

மெக்கானிக் ஜெகபர் அலி, கடைத்தெருக் கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் வடிக்கும் நட்டைக் கழற்றினார். முதலில் தண்ணீர் கொட்டியது, பின்னால் அந்த வெளுத்த ஆயில்.

"தண்ணி போயிருக்கு தங்கையா. யாரு ஊத்துனா?"

"நான்தான் பாய்," என்றாள் நாகம்மாள். முழங்கால் வரை சேறு காயாமல் நின்றாள்.

தங்கையன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சேதான் ஊத்துனியா?"

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லார் காதிலும் அது விழுந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஜெகபர் அலிதான் கையைத் துடைத்தபடி, "என்ன பேச்சு இது. ரொம்ப தூரம் ஓட்டல, பொழச்சிக்கும். தங்கச்சி, நீ போய் வேலையப் பாரு," என்றார்.

அவள் போகவில்லை. மலிவான ஆயிலை ஊற்றி, சற்று நேரம் இன்ஜினை ஓடவிட்டு, அதைத் திறந்து வடித்தார் பாய். அதுவும் கலங்கியே வந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடி வடித்தார். ஒவ்வொரு தடவையும் வடித்த ஆயில் இருந்த தகர டின்னை எடுத்துப் போய்க் குப்பைமேட்டில் கவிழ்த்தது நாகம்மாள். ஆயில் தன் நிறத்தில் வந்த பிறகு வடிகட்டியை மாற்றி, புது ஆயில் விட்டு மூடினார். இன்ஜின் பழையபடி ஓடியது.

"ஏறு," என்றான் தங்கையன்.

"நடந்து வரேன்."

அதற்குப் பிறகு அவள் காருக்குத் தண்ணீர் கொண்டுபோகவில்லை. அவனும் கேட்கவில்லை. பேச்சு நின்றுபோகவில்லை. சாப்பிட வாங்க, விளக்கை அணை, மழை வருது என்ற அளவில் இருந்தது.

தை அறுவடை முடிந்த ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவன் இலையைப் பார்த்தபடியே சொன்னான்: "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

நாகம்மாள் சோற்றுப் பானையைத் தள்ளி வைத்தாள். "தெரியாமத்தான் ஊத்துனேன்."

"தெரியும்."

"ஆனா நீங்க கேட்டப்புறம் யோசிச்சுப் பாத்தேன். தெரிஞ்சு ஊத்தியிருந்தாலும் எனக்கு வருத்தமா இருந்திருக்காதுன்னு தோணுச்சு. அதான் அன்னிக்கு வாயத் தொறக்கல."

அவன் பிசைந்த சோறு அப்படியே இருக்க, கையை உதறிக்கொண்டு எழுந்து போனான். வாசலில் காரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. பொழுது சாயும்வரை அவன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவள் இலையை எடுத்துப் போட்டுவிட்டு, போய்க் கூப்பிடலாமா என்று நிலைப்படி வரைக்கும் வந்தாள். கூப்பிடவில்லை.